மரவள்ளி மாவுப்பூச்சியும் அதை அடக்க வந்த குளவியும்
கொல்லிமலைக் குடியானவர்களுக்குச் சில குறிப்புகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அறுவடைக் காலத்தில் அவ்வளைவுகளில் மெல்ல இறங்கிவரும் லாரிகள் பலவற்றில் குச்சிக்கிழங்கு என்று நம்மவர் அழைக்கும் மரவள்ளிக் கிழங்கே ஏற்றப்பட்டிருக்கும். ராசிபுரம், நாமக்கல், சேலம் பக்கங்களிலுள்ள சேகோ ஆலைகள் அதனை வாங்கி மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாற்றுகின்றன. மலையில் வசிக்கும் மலையாளிக் குடிகளில் பலருக்குப் பிள்ளைகளின் படிப்பும், கலியாணச் செலவும், கடன் பாக்கியும் இந்த ஒரு கிழங்கின் விலையையே நம்பியிருக்கின்றன. ஆகவே மரவள்ளிக்கு ஒரு வியாதியோ பூச்சியோ வந்தால், அது ஒரு பயிருக்கு வந்த தீங்காக நிற்பதில்லை. குடும்பத்திற்கே வந்த தீங்காகிறது.

அப்படிப்பட்ட தீங்கு ஒன்று 2020ஆம் வருஷத்தில் நம் நாட்டில் புகுந்தது. அதனை எதிர்த்து நம் விவசாய சர்வகலாசாலையின் ஆசிரியர்களும் ஆராய்ச்சி நிலையங்களின் சிப்பந்திகளும் செய்த வேலை, நம் காலத்தில் விவசாய சாஸ்திரம் அடைந்த வெற்றிகளுள் ஒன்றாகும். ஒரு நிபுணர் பெற்ற பதக்கங்களையும் பட்டங்களையும் கேட்டுக் குடியானவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவருடைய வேலை தம் வயலில் என்ன மாறுதலை உண்டாக்கிற்று என்பதே அவர் கேட்கத்தக்க கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறுவதும், அவ்வேலையின் பலன் கெடாமலிருக்க நாம் செய்ய வேண்டியதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சி வந்த வழி

மரவள்ளி நம் தேசத்துப் பயிரன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் மூலம் மலையாளக் கரைக்கு வந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் குடிகளிடையே பரவச் செய்தார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியும் மாவும் வருவது தடைப்படவே, சேலம் பிரதேசத்தில் ஆலைத் தொழில் வேரூன்றியது. 1981ஆம் வருஷத்தில் ஆலைக்காரர்களின் கூட்டுறவு ஸ்தாபனமான சேகோசர்வ் சேலத்தில் ஏற்பட்டது.

ஒரு பயிர் கடல் கடந்து போகும்போது அதன் பூச்சிகள் பெரும்பாலும் உடன் போவதில்லை. சில காலம் பயிர் சுகமாக வளரும். பின்பு என்றோ ஒரு நாள், யாரோ கொண்டுசென்ற ஒரு கட்டுக் குச்சியில் ஒட்டிக்கொண்டு அப்பூச்சி வந்து சேரும். ஆனால் அதன் சொந்த தேசத்தில் அதைத் தின்று அடக்கிவந்த சத்துரு கூடவே வருவதில்லை. கட்டுப்படுத்துவார் இல்லாத பூச்சி அளவின்றிப் பெருகிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் நடந்தது இதுவே. 1970ஆம் வருஷங்களின் தொடக்கத்தில் காங்கோ பிரதேசத்தில் தோன்றிய மரவள்ளி மாவுப்பூச்சி, சில வருஷங்களுக்குள் தேசம் தேசமாகப் பரவி, கோடிக்கணக்கான ஏழை ஜனங்களின் அன்றாட உணவை அழிக்கலாயிற்று. தாக்குதல் கடுமையாயிருந்த இடங்களில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை மகசூல் நஷ்டமானதாகக் கணக்கிட்டார்கள்.

நைஜீரியாவின் இபதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து தேச நிபுணர், மருந்து தெளித்து இப்பூச்சியை வெல்ல முடியாது என்றும், அதன் இயற்கைச் சத்துருவைத் தேடிக் கொணர வேண்டும் என்றும் தீர்மானித்தார். தேடுதல் எளிதாயிருக்கவில்லை. முதலில் தென் அமெரிக்காவின் வடபாகத்தில் அகப்பட்ட மாவுப்பூச்சி, பார்வைக்கு ஒன்றுபோலிருந்தும் வேறு ஜாதியாக முடிந்தது. அதன் சத்துருக்கள் ஆப்பிரிக்காப் பூச்சியின்மேல் வேலை செய்யவில்லை. கடைசியில் 1981ஆம் வருஷத்தில் பராகுவே தேசத்தில் சரியான பூச்சியும், அதனைக் கொல்லும் சிறு குளவியும் கிடைத்தன. பூச்சியின் ஜாதியைப் பிழையின்றி அறிவது சிகிச்சையில் பாதி என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை. அக்குளவி ஆப்பிரிக்காவில் சுமார் முப்பது தேசங்களில் நிலைபெற்றது. இவ்வேலைக்காக ஹெரனுக்கு 1995ஆம் வருஷத்து உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே பரிசை அது ஏற்பட்ட 1987ஆம் வருஷத்தில் முதன்முதலாகப் பெற்றவர், கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் பயின்ற நம் எம். எஸ். சுவாமிநாதன் ஆவார்.

நம் நாட்டின் முன் அனுபவம்

பூச்சியைக் கொண்டே தீமையை அடக்கும் இம்முறை நம் ராஜ்யத்திற்குப் புதிதன்று. முற்காலத்தில் சப்பாத்திக்கள்ளி வயல்களையும் மேய்ச்சல் தரைகளையும் மூடிக் கிராமங்களையே நெருக்கியிருந்தது. 1926ஆம் வருஷத்தில் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட ஒருவகைச் செதிற்பூச்சி அக்கள்ளியைத் தின்று, தென்னாட்டில் பெரும்பாலும் இல்லாமற் செய்துவிட்டது. வெட்டியும் எரித்தும் பல தலைமுறைகளாக முடியாத வேலையை ஒரு சிறு பூச்சி சில வருஷங்களில் முடித்தது.

பின்னர் 2008ஆம் வருஷத்தில் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற அந்நியப் பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி முதலிய பல பயிர்களையும் பார்த்தீனியக் களையையும் பற்றிக்கொண்டது. மருந்துகளால் பயன் விளையாமற் போகவே, 2010ஆம் வருஷத்தில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி வரவழைக்கப்பட்டது. பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கப்பட்டபின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பகுதியாரும் ஜில்லா ஆராய்ச்சி நிலையங்களின் சிப்பந்திகளும் அதனைப் பெருமளவில் வளர்த்து ராஜ்யமெங்கும் விட்டார்கள். பூச்சி அடங்கியது.

1868இல் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1906இல் கோயமுத்தூருக்கு மாறி, 1971இல் சர்வகலாசாலையான ஸ்தாபனம் இது. தலைமுறை தலைமுறையாக அங்கே சேர்ந்த இத்தகைய அனுபவமே, அடுத்த ஆபத்து வந்தபோது கைகொடுத்தது.

புதிய சத்துரு

2020ஆம் வருஷத்தில் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளிச் செடிகளில் ஒரு புதிய மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஆராய்ந்ததில் ஆப்பிரிக்காவைப் பாழாக்கிய அதே ஜாதி என்று தெரிந்தது. விரைவில் அது சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. 2010இல் உதவிய குளவி பப்பாளி மாவுப்பூச்சிக்கு மட்டுமே யமன்; இப்புதிய பூச்சியை அது நாடாது. ஆகவே இதற்குரிய சத்துருவையே கொணர வேண்டியதாயிற்று.

பெங்களூரிலுள்ள தேசிய விவசாயப் பூச்சி வள ஆராய்ச்சி நிலையத்தார், ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்தில் மேற்கூறிய சர்வதேச நிலையத்தின் கிளையிலிருந்து அனாகைரஸ் லோபெஸி என்ற அக்குளவியை 2021ஆம் வருஷத்தில் வரவழைத்தார்கள். வெளிதேசத்து உயிர் ஒன்றை எண்ணிப் பாராமல் வயலில் விடுவது பேதைமை. ஆகையால் முதலில் அதைக் காவலுள்ள அறைகளில் அடைத்து வைத்து, நன்மை செய்யும் வேறு பூச்சிகளுக்கு அதனால் தீங்கு உண்டாகுமா என்று சோதித்தார்கள். அச்சோதனை தேறியபின், 2022ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 7ஆம் தேதி, சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் சர்வகலாசாலையின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில், நம் தேசத்திலேயே முதன்முறையாக அக்குளவி வயலில் விடப்பட்டது. அதன்பின் மரவள்ளி விளையும் பிற பிரதேசங்களுக்கும் அது பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்தகைய வேலையில் பெயர் வெளிப்படுவோர் சிலர்; வெளிப்படாதோர் பலர். குளவியை வளர்க்க முதலில் அதன் இரையாகிய மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். மாவுப்பூச்சியை வளர்க்க மரவள்ளிச் செடியை வளர்க்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண். விடுமுறை நாளிலும் கூண்டுகளைப் பார்த்து, எறும்பு ஏறாமற் காத்து, வெளிப்பட்ட குளவிகளை எண்ணிக் குப்பிகளில் அடைத்து அனுப்பிய ஆய்வக உதவியாளர்களும் பண்ணைத் தொழிலாளரும் இவ்வெற்றியில் பங்குடையவர்கள்.

பூச்சியை அறிவது எப்படி

மாவுப்பூச்சி சிறியது, உடல் இளஞ்சிவப்பாயிருக்கும், அதன்மேல் வெண்மையான மெழுகுத்தூள் படிந்திருக்கும். முக்கியமாகக் கொழுந்திலும் இலையின் அடிப்புறத்திலும் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதனால் கொழுந்து சுருண்டு, கணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் குறுகி, நுனி இலைகள் கோஸ் போல ஒன்றாகக் குவிந்துவிடும், தண்டு கோணலாகும். இலை குறைந்த செடி கிழங்கிற்குச் சத்து அனுப்ப இயலாது. ஆலையில் மாவுப் பாயிண்டு பார்த்தே விலை தருவதால், கிழங்கு சிறுத்துச் சத்துக் குறைந்தால் எடையிலும் விலையிலுமாக நஷ்டம் இரண்டாகிறது.

இப்பூச்சியில் ஆண் இல்லை. பெண் பூச்சி சேர்க்கையின்றியே நானூறு வரை முட்டையிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு பூச்சியிட்ட முட்டைகள் யாவும் பிழைத்தால் இரண்டாவது தலைமுறையில் 1,60,000 பூச்சிகளாகும். வயலில் யாவும் பிழைப்பதில்லையாயினும், ஒரு குச்சியில் ஒட்டிவந்த ஒரே பூச்சி ஒரு வயலைக் கெடுக்கப் போதும் என்பது இக்கணக்கால் விளங்கும். வறண்ட கோடையில் இது அதிகமாகப் பெருகும். பலத்த மழையில் குறையும்.

மெழுகுப் போர்வையும் சுருண்ட கொழுந்தும் பூச்சிக்குக் கேடயமாயிருப்பதால் தெளிக்கும் மருந்து எளிதில் உட்செல்வதில்லை. வெளியிலிருக்கும் நன்மை செய்யும் பூச்சிகளே முதலில் மடிகின்றன. ஆகவே அடிக்கடி மருந்து தெளித்தவர் வயலில் மாவுப்பூச்சி முன்னிலும் அதிகமாவது ஆச்சரியமன்று.

குளவி செய்யும் வேலை

அனாகைரஸ் குளவி ஒரு எள்ளைவிடச் சிறியது. மனிதரையோ கால்நடையையோ கொட்டாது; பயிரைத் தின்னாது. பெண் குளவி மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி உப்பிக் கெட்டியாகிப் பழுப்பு நிறமடையும். சில வாரங்களுக்குள் அக்கூட்டில் ஒரு சிறு வட்டத் துவாரம் செய்துகொண்டு புதிய குளவி வெளிவரும். முட்டையிடாத சில பூச்சிகளையும் குளவி குத்தி அதன் நீரைக் குடித்துக் கொல்லும்.

இதன் சிறப்பு, பூச்சி குறைவாயிருக்கும்போதும் அதனைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறமையாகும். ஒரு தடவை நிலைபெற்றால் வருஷந்தோறும் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. ஆனால் மாவுப்பூச்சி அடியோடு ஒழிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. பூச்சி சிறிது இருக்கும், குளவியும் இருக்கும், பயிருக்கு நஷ்டமிராது. இச்சமநிலையே இம்முறையின் வெற்றி.

குடியானவர் செய்ய வேண்டியவை

1. பூச்சி பெரும்பாலும் விதைக்குச்சியின் மூலமே மலையேறுகிறது. சமவெளியிலிருந்து குச்சி வாங்குவோர் வயலை நேரில் பார்த்து, பூச்சியில்லாத செடிகளிலிருந்தே வாங்க வேண்டும். கூடியவரை தம் வயலில் சுத்தமான செடிகளைக் குறித்து வைத்து அவற்றின் குச்சியையே நடுவது நலம். தேமல் வியாதியும் குச்சி வழியாகவே பரவுவதால் இதில் லாபம் இரண்டு.

2. ஐயத்திற்கிடமான குச்சிகளை நடுவதற்கு முன் விவசாய இலாகா சிபாரிசு செய்யும் மருந்து நீரில் நனைத்து நட வேண்டும்.

3. நட்டபின் வாரம் ஒரு முறை கொழுந்துகளைக் கவனிக்க வேண்டும். சில செடிகளில் மட்டும் பூச்சி கண்டால் நுனியை ஒடித்துப் பையிலிட்டு எரிக்க வேண்டும். ஒடித்ததை வரப்பிலோ ஓடையிலோ எறிவது பூச்சியை அடுத்தவருக்கு அனுப்புவதாகும்.

4. ஒடித்த நுனிகளில் பழுப்பு நிறக் கூடுகள் காணப்பட்டால் அவை குளவி உள்ளிருக்கும் கூடுகள், அவற்றை எரிக்கலாகாது. துணி கட்டிய பாத்திரத்தில் சில நாள் வைத்திருந்து, வெளிவரும் குளவிகளை வயலில் விட்டுவிடலாம்.

5. குளவி விடப்பட்ட வயலிலும் அதன் அண்டை வயல்களிலும் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. முதல் சில வாரங்களில் பலன் கண்ணுக்குத் தெரியாது. அக்காலத்தில் பொறுமையிழந்து மருந்து தெளிப்பவர் தம் வேலையாளைத் தாமே கொன்றவராவார்.

6. அறுவடைக்குப்பின் பூச்சி பிடித்த தண்டுகளையும் தானாக முளைத்த செடிகளையும் வயலில் விட்டுவைக்கக் கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

பூச்சிக்குப் பட்டா எல்லை கிடையாது. பத்துப் பேர் பொறுமையுடனிருந்து ஒருவர் மட்டும் விஷமருந்து தெளித்தால் பதினொருவருக்கும் நஷ்டம். ஆகவே இதனை ஊர்க்காரியமாக நடத்த வேண்டும். கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், ஒவ்வொரு நாட்டின் பெரியவர்களும் நடவுக்கு முன்பே குடியானவர்களைக் கூட்டி விஷயத்தை விளக்கலாம். பூச்சி கண்ட இடத்தைத் தாமதமின்றி இலாகா அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம். வெளியூரிலிருந்து விற்பனைக்கு வரும் குச்சிக் கட்டுகளை மலையடிவாரத்திலேயே பார்வையிட ஏற்பாடு செய்தால், மேலே பல வயல்கள் பிழைக்கும். காரவள்ளியில் பத்து நிமிஷம் செலவிட்டுப் பார்த்த ஒரு கட்டு, மேலே பத்துக் குடும்பத்தின் ஒரு வருஷத்து வேலையைக் காப்பாற்றக்கூடும்.

ஒரே பயிரை நம்புவது பற்றி

இறுதியாக மலைக் குடியானவர்கள் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வல்வில் ஓரி ஆண்ட காலந்தொட்டுப் புகழ்பெற்ற இம்மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் நெடுங்காலமாக விளைந்தன. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, மூக்காந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று மலையாளிக் குடிகள் காத்துவந்த ரகங்கள் பல. ஆலைக்கு விற்கும் மரவள்ளி கைக்கு ரொக்கம் தந்ததால், அவை பயிரான கொல்லைகள் சுருங்கின. குத்திப் புடைக்கும் வேலையின் கடுமையும் அதற்கொரு காரணம். 1990ஆம் வருஷங்களிலிருந்து சுவாமிநாதன் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி ஸ்தாபனம் மலையிலே தங்கி, கிராம விதை வங்கிகளையும் உமி நீக்கும் யந்திரங்களையும் ஏற்படுத்தி, பெண்கள் குழுக்களின் மூலம் இத்தானியங்களுக்கு மறுபடியும் மதிப்புத் தேடிக்கொடுத்தது. 2023ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது.

மரவள்ளியை விட்டுவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ரொக்கம் தரும் பயிரை விடச் சொல்வது, அடுப்பெரிய வழி தேடுவோருக்குச் சொல்லும் யோசனையாகாது. ஆனால் மலைச்சரிவு முழுவதும் ஒரே பயிர் இருந்தால், ஒரே பூச்சி முழுவதையும் கொண்டுபோய்விடும். நான்கில் ஒரு பாகத்தில் சாமையோ தினையோ கேழ்வரகோ இருந்தால், கிழங்கு பொய்த்த வருஷத்திலும் வீட்டில் உலை ஏறும். குச்சியில்லாத அந்நிலத்தில் மாவுப்பூச்சிக்கு உணவில்லை. பயிரை மாற்றி மாற்றி விளைத்தால் மண்ணுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.

நிபுணர்கள் தம் கடமையைச் செய்தார்கள். பராகுவேயிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து பெங்களூருக்கும், பெங்களூரிலிருந்து ஏத்தாப்பூருக்கும் ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து சேர்த்தார்கள். ஏத்தாப்பூர்ப் பண்ணையிலிருந்து உங்கள் கொல்லை வரையிலுள்ள கடைசிப் பாதை சிறியது. ஆயினும் அதனை நடத்த வேண்டியவர்கள் நீங்களே. சுத்தமான குச்சியை நட்டு, வாரந்தோறும் கொழுந்தைப் பார்த்து, மருந்துக் குப்பியை எடுக்குமுன் பழுப்புக் கூடுகளைத் தேடும் பழக்கம் ஊர்தோறும் ஏற்படுமாயின், அவர்கள் உழைத்த உழைப்பு முழுப்பலன் தரும் என்பதில் ஐயமில்லை.